வளைந்தால் எண்ணெய், நிமிர்ந்தால் நெய்

தமிழில் 'நெய்' என்ற சொல் பலவற்றைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. பாலில் எடுப்பது நெய். எள்ளில் எடுத்த நெய் எண்ணெய். மத்தில் வெள்ளையாகத் திரள்வது வெண்ணெய். பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், விரலில் வழுக்குகிறதா, நீரோடு சேராமல் ஒதுங்குகிறதா என்ற குணத்தைப் பார்த்து வைத்த பெயர் இது. உயிர்வேதியியலில் 'லிப்பிடு' எனப்படும் குடும்பமும் ஏறக்குறைய இதே முறையில்தான் வகுக்கப்பட்டது. புரதம் என்றால் அமினோ அமிலங்களின் சங்கிலி. மாவுச்சத்து என்றால் சர்க்கரைகளின் சங்கிலி. லிப்பிடுகளுக்கு அப்படிப் பொதுவான செங்கல் எதுவும் கிடையாது. நீரில் கரையாமல் ஈதர், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் கரையும் உயிர்ப்பொருள் எதுவானாலும் அது லிப்பிடு. 1923இல் பிரெஞ்சு அறிவியலாளர் காப்ரியேல் பெர்ட்ராண்ட் முன்வைத்த பெயர் அது. கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

இக்குடும்பத்தின் கிளைகளை ஒரே வட்டாரத்தில் பார்க்க வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்டம் போதும். ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் நிலக்கடலை, கீரமங்கலத்தில் தென்னை, ஆதனக்கோட்டையில் முந்திரி, கோயில் ஓரங்களில் இலுப்பை, மாவட்டம் முழுக்கத் தைலமரக் காடு, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளில் மத்தியும் சூடையும். பெயரில் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மண்ணெண்ணெய்க்கு மட்டும் இந்தக் குடும்பத்தில் இடமில்லை. உயிருள்ள செல் தனக்காக ஆக்கிக்கொள்ளும் பொருள்களுக்கே லிப்பிடு என்று பெயர்.

சமையலறையில் இருக்கும் எண்ணெய், நெய் எல்லாவற்றின் பெரும்பகுதியும் ட்ரைகிளிசரைடு. கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் மூன்று கார்பன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொழுப்பு அமிலம் தொங்கும். ஒரு கிளையிலிருந்து இறங்கும் மூன்று ஆலம் விழுதுகளை நினைத்துக்கொள்ளலாம். கொழுப்பைக் காரத்தோடு கொதிக்க வைத்தால் இந்த விழுதுகள் அறுந்து சோப்பாகின்றன, கிளிசரால் தனியே நிற்கிறது என்பதை விளக்கியவர் மிஷேல் ஷெவ்ரெல். அவர் விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய நூலை 1823இல் வெளியிட்டார். 102 வயதுவரை வாழ்ந்தார்.

கொழுப்பு அமிலம் என்பது ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. அதன் ஒரு முனையில் மட்டும் அமிலத் தலை இருக்கும். மற்ற இடமெல்லாம் கார்பனும் ஹைட்ரஜனும்தான். இந்தப் பிணைப்புகளில் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. நீர் மூலக்கூறோ நேர், எதிர் முனைகள் உடையது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பிடிக்குள் கார்பன் சங்கிலி நுழைந்தால் நீர் தன் பிணைப்புகளை இடம் மாற்றி, அதைச் சுற்றி ஒழுங்குபட நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்த்துத் தள்ளப்படுகின்றன. எண்ணெய்க்கு நீரைப் பிடிக்காது என்பது வழக்குப் பேச்சு. எண்ணெயை வெளியே நிறுத்துவது நீர்தான்.

அப்படியானால் நெய் உறைகிறது, கடலை எண்ணெய் உறைவதில்லை, ஏன்? விடை சங்கிலியின் வடிவத்தில் இருக்கிறது. லாரியில் தைலமரக் கழிகளை அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அமரும். சீமைக்கருவேல விறகை ஏற்றினால் கோணலும் முடிச்சுமாக இடையெல்லாம் இடைவெளிதான். கார்பன்கள் ஒற்றைப் பிணைப்பால் மட்டும் இணைந்த சங்கிலி நிமிர்ந்தது. அதுவே நிறைவுற்ற கொழுப்பு அமிலம். இடையில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால், இயற்கையில் பெரும்பாலும் காணப்படும் அமைப்பில், சங்கிலி அந்த இடத்தில் ஒடிந்ததுபோல் வளைகிறது. அது நிறைவுறாத கொழுப்பு அமிலம். நிமிர்ந்தவை நெருங்கி அமர்ந்து திண்மமாகும். வளைந்தவை நெருங்கி அமர முடியாமல் நழுவிக்கொண்டே இருக்கும்.

எண்களைப் பார்த்தால் இந்த ஒரு வளைவு எவ்வளவு செய்கிறது என்பது புரியும். 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலத்தில் வளைவு இல்லை. 69 டிகிரி செல்சியசில் உருகும். அதே 18 கார்பன், நடுவில் ஒரு வளைவு: ஒலீயிக் அமிலம், 13 டிகிரி. இரண்டு வளைவு: லினோலீயிக் அமிலம், சுழியத்துக்கும் 5 டிகிரி கீழே. கடலை எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஒலீயிக், லினோலீயிக் அமிலங்களே. மார்கழியிலும் அது போத்தலில் தளும்புவது இதனால்தான். மிச்சத்தில் 20 கார்பன் கொண்ட அராக்கிடிக் அமிலம் கொஞ்சம் உண்டு. நிலக்கடலையின் அறிவியல் பெயரான அராக்கிஸ் என்பதே அந்த அமிலத்துக்குப் பெயரானது.

தேங்காய் எண்ணெய் இந்தக் கணக்கில் ஒரு வம்புக்காரன். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிமிர்ந்த சங்கிலிகள். விதிப்படி எப்போதும் கட்டியாகவே இருக்க வேண்டும். ஆனால் அதன் முக்கிய அமிலமான லாரிக்கில் 12 கார்பன் மட்டுமே. குட்டைக் கழிகளை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் பிடிப்பு குறைவு. ஆகவே 24 டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிறது. கோடையில் தெளிந்த எண்ணெயாகவும், மார்கழி விடியலில் வெள்ளைக் கட்டியாகவும் ஒரே புட்டியில் கிடக்க இதுவே காரணம். உறைந்தால்தான் சுத்தமான எண்ணெய் என்ற ஊர் நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. பாமாயிலும் குளிரில் உறையும் என்பதால் மீதிப் பாதியை நம்ப முடியாது.

இலுப்பை எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி நிமிர்ந்தவை, பாதி வளைந்தவை. எனவே வெயிலில் மஞ்சள் எண்ணெய், குளிரில் வெண்ணெய்போன்ற களி. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற பழமொழி மரத்தின் பூவை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. கோயில் விளக்குகளை எரித்தது விதைதான்.

விளக்கு என்றால் புதுக்கோட்டைப் பகுதியில் கல்வெட்டுகளுக்குப் போகாமல் இருக்க முடியாது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கல்வெட்டுப் பாடங்கள் 1929இல் நூலாக வந்தன. அணையாமல் எரியும் நுந்தா விளக்குக்குக் கொடை கொடுத்த செய்திகள் இப்பகுதிக் கோயில்களில் பல உண்டு. சோழர் கால வழக்கப்படி ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. இடையர் அவற்றை ஏற்று, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை பெருகிக்கொண்டே இருப்பதால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. செம்மறியின் பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பில் 6, 8, 10 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலிகள் கணிசமாக உண்டு. அவற்றுக்கு காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக் என்று பெயர் வந்ததும் ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான். அதே ஆட்டின் உடற்கொழுப்பில் சங்கிலிகள் நீண்டவை, அவற்றில் பல நிமிர்ந்தவை. கறிக்குழம்பு ஆறியதும் மேலே வெள்ளையாக ஏடு கட்டுவது அந்தக் கொழுப்பு.

வளைந்த சங்கிலியை மனிதர் நிமிர்த்தியதும் உண்டு. இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்து எண்ணெயைக் கெட்டியாக்கும் முறைக்கு வில்ஹெல்ம் நோர்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். இந்தியச் சமையலறைக்கு அது வனஸ்பதியாக வந்தது; 1937இல் வந்த டால்டா பின்னர் அந்தப் பொருளுக்கே பெயராகிவிட்டது. இந்த முறையில் சில இரட்டைப் பிணைப்புகள் நீங்காமல், வளைவு மட்டும் நேராகி விடுகின்றன. அவையே டிரான்ஸ் கொழுப்புகள். ஒலீயிக் அமிலத்தின் இந்த உருவம் 13 டிகிரிக்குப் பதில் 45 டிகிரியை ஒட்டி உருகுகிறது. இவை இதய நோய் அபாயத்தைக் கூட்டுவது தெளிவான பிறகு, எண்ணெய், கொழுப்புகளில் இவற்றின் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது.

செடி ஏன் எண்ணெயைச் சேர்க்கிறது? ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும்; ஒரு கிராம் கொழுப்பு 9. சர்க்கரையில் கார்பனோடு ஆக்சிஜன் ஏற்கெனவே பாதி சேர்ந்திருக்கிறது, பாதி எரிந்த விறகுபோல. கொழுப்புச் சங்கிலி எரியாத விறகு. நீரையும் தன்னோடு இழுத்து வைப்பதில்லை. ஆனாலும் எல்லா விதையும் இந்த வழியில் போவதில்லை. ஆலங்குடி அருகே வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையம் தன் ஊர்ப் பெயரிலேயே உளுந்து ரகங்களை வெளியிட்டிருக்கிறது. உளுந்தும் நிலக்கடலையும் ஒரே குடும்பச் செடிகள். இரண்டிலும் புரதம் கால் பங்கை ஒட்டி இருக்கும். ஆனால் நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய், உளுந்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. அடுத்தடுத்த வயலில் நிற்கும் இரண்டு செடிகள் தம் பிள்ளைகளுக்குச் சீதனத்தை வேறுவேறு நாணயத்தில் கட்டி அனுப்புகின்றன.

விதைக்குள் எண்ணெய் மொத்தமாகத் தேங்கி நிற்பதில்லை. ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய சின்னஞ்சிறு உருண்டைகளாக, மெல்லிய உறை போர்த்தி இருக்கிறது. செக்கில் உலக்கை சுற்றும்போது செல் சுவர் கிழிந்து, உறை உடைந்து, உருண்டைகள் ஒன்றாகக் கூடி வழிகின்றன. செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வெறும் ருசிக்கில்லை. அது நீரைத் தன் பக்கம் இழுத்துப் பிண்டத்தை இறுக்குவதால் எண்ணெய் எளிதாகப் பிரிகிறது. விதை முளைக்கும்போது நடப்பது வேறு. கொழுப்பைச் சர்க்கரையாக்கினால்தான் அது வேருக்கும் தண்டுக்கும் பயணிக்க முடியும். இந்த மாற்றம் நடக்கும் வழியை 1957இல் ஹான்ஸ் கார்ன்பெர்க்கும் ஹாரி பீவர்சும் ஆமணக்கு விதையில் விளக்கினர். கொழுப்பு அமிலச் சங்கிலியைச் சர்க்கரையாக மாற்றும் இந்த வழி மனித உடலில் இல்லை. முளைக்கும் கடலை அதைச் சாதாரணமாகச் செய்கிறது.

வளைவுக்கு விலையும் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பன் தன் ஹைட்ரஜனை எளிதில் இழக்கும். அந்த இடத்தில் ஆக்சிஜன் பற்றும். சங்கிலி துண்டாகி வாடை வீசும் சிறு மூலக்கூறுகள் பிறக்கும். அதுதான் காறல். ஒரு வளைவு உள்ள ஒலீயிக்கைவிட இரண்டு வளைவு உள்ள லினோலீயிக் பல மடங்கு விரைவில் காறும். அப்படிப் பார்த்தால் லினோலீயிக் மிகுந்த நல்லெண்ணெய் சீக்கிரம் கெட வேண்டும். கெடுவதில்லை. எள்ளிலுள்ள செசமால் போன்ற பொருள்கள் ஆக்சிஜன் தாக்குதலைத் தாங்கிக்கொள்கின்றன. கடலையில் வேறு வழி கையாளப்பட்டது: ஒலீயிக்கை லினோலீயிக்காக மாற்றும் நொதியின் மரபணு பழுதான செடிகளைக் கொண்டு, எண்ணெயில் 80 விழுக்காடு அளவுக்கு ஒலீயிக் உள்ள கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் இந்தியாவில் உருவாக்கப்பட்டன. அவற்றில் ஆட்டிய எண்ணெய் நீண்ட நாள் கெடாமல் நிற்கும்.

ட்ரைகிளிசரைடின் மூன்று விழுதுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அங்கே பாஸ்பேட் தலை ஒன்றை வைத்தால் பாஸ்போலிப்பிடு கிடைக்கிறது. தலை நீரை நாடும், இரண்டு வால்களும் நீருக்கு ஒதுங்கும். புதிதாக ஆட்டிய செக்கெண்ணெயின் கலங்கலில் இதற்கும் பங்குண்டு. ஆலைகளில் எண்ணெயோடு கொஞ்சம் நீர் சேர்த்தால் இது நீரைப் பிடித்துக்கொண்டு கோந்தாக அடியில் படிகிறது. எண்ணெய்க்காரருக்கு இது கசடு. உயிருக்கோ இதுதான் சுவர்.

நீரில் விடப்பட்ட பாஸ்போலிப்பிடுகள் யாரும் அடுக்காமலே தாமாக வரிசைப்பட்டுக்கொள்ளும்: வால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்க, தலைகள் இரு புறமும் நீரைப் பார்க்க, இரட்டைப் படலம். எல்லாச் செல்லின் சவ்வுக்கும் அடிப்படை இதுதான். 1925இல் நெதர்லாந்தின் லெய்டனில் கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் சிவப்பணுக்களின் லிப்பிடைப் பிரித்து நீர்மேல் ஒரு மூலக்கூறு கனத்தில் பரப்பினர். அது செல்லின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடம் பிடித்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு என்றனர். பிரித்தெடுப்பில் லிப்பிடு முழுதும் வரவில்லை; செல்லின் பரப்பளவையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தனர். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்ட, விடை மட்டும் சரியாக வந்தது. அறிவியல் வரலாற்றில் இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் அபூர்வம். 1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் இந்தப் படலம் உறைந்த சுவரன்று, புரதங்கள் மிதந்து நகரும் நீர்மம் என்று காட்டினர்.

அதை நீர்மமாக வைத்திருப்பதும் வளைந்த சங்கிலியே. சுற்றுப்புறம் குளிர்ந்தால் பல உயிரினங்கள் தம் சவ்வில் வளைவுகளைக் கூட்டிக்கொள்கின்றன. கடலில் இதன் எல்லையைப் பார்க்கலாம். நுண்பாசிகள் ஐந்து, ஆறு வளைவுகள் உள்ள ஒமேகா 3 சங்கிலிகளை ஆக்குகின்றன. அவற்றைத் தின்னும் மிதவை உயிர்கள் வழியாக அவை மத்தியின் உடலில் சேர்கின்றன. மீன் எண்ணெய் உறையாமல் இருப்பதும், மத்திக் கருவாடு சீக்கிரம் காறிப்போவதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

விலங்குச் சவ்வுகளில் சங்கிலிகளுக்கு இடையே கொலஸ்ட்ராலும் செருகி நிற்கிறது. இது சங்கிலியே இல்லை, நான்கு வளையங்கள் இணைந்த தட்டை. வெப்பத்தில் படலம் தளராமலும் குளிரில் இறுகாமலும் பிடித்துக்கொள்ளும். பாலியல் ஹார்மோன்கள், பித்த உப்புகள், வைட்டமின் டி எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. செடிகள் அதற்குப் பதிலாக வேறு ஸ்டீரால்களை வைத்துக்கொள்கின்றன. எனவே கடலை எண்ணெய் உறையில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிடுவது பொய்யில்லை. எந்தச் செடி எண்ணெயிலும் சொல்லத்தக்க அளவு கிடையாது.

கிளிசராலே இல்லாமல், நீண்ட கொழுப்பு அமிலமும் நீண்ட ஆல்கஹாலும் சேர்ந்தால் மெழுகு. இலைகளின் மேல் பூச்சில் இதுவும் இதன் உறவுப் பொருள்களும் உள்ளன. இம்மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டு ஓவியர் தீட்டிய தாமரைப் பொய்கையில் இலையும் மலரும் மீனும் நெருங்கிக் கிடக்கின்றன. தாமரை இலையில் நீர் ஒட்டாததற்கு மெழுகு மட்டும் காரணமில்லை. இலையின் நுண்மேடுகளின்மேல் மெழுகு சிறு குழல்களாக நிற்கிறது. துளி அவற்றின் நுனியில்தான் அமர்கிறது, கீழே காற்று. உருண்டோடும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது.

ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் அலகுகளைக் கோத்தும் லிப்பிடுகள் உருவாகின்றன. தைலமர இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் வாசனை இந்தக் கிளையைச் சேர்ந்த சினியோல். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் ஆவியாகிவிடும். கடலை எண்ணெய் கறையாக நிற்கும். கொலஸ்ட்ராலின் வளையங்களும் இந்த அலகுகளிலிருந்தே பிறக்கின்றன. இலுப்பைப் புண்ணாக்கின் சாப்போனின்கள் இதே அலகுகளிலிருந்து பிறந்த வேறு வளையங்களில் சர்க்கரை கட்டியவை. ஒரு பாதி எண்ணெயையும் மறுபாதி நீரையும் பிடிப்பதால் தலைக்குத் தேய்த்தால் நுரைத்து அழுக்கை நீக்கும். குளத்தில் கரைத்தால் மீனின் செவுள் சவ்வைச் சிதைக்கும்.

லிப்பிடுகளின் நன்மையும் தீமையும் ஒரு சாண் இடைவெளியில்கூட இல்லாத இடம் முந்திரிக்கொட்டை. தஞ்சாவூர்ச் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடப்பவருக்குக் கொட்டை வறுக்கும் வாசனை தெரியும். உள்ளே இருக்கும் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, பெரும்பகுதி ஒலீயிக். அதைச் சுற்றிய ஓட்டின் தேன்கூடு போன்ற அறைகளில் கரும்பழுப்பு எண்ணெய். அதன் முதன்மைப் பொருள் அனகார்டிக் அமிலம்: சாலிசிலிக் அமில வளையம் ஒன்று, அதில் 15 கார்பன் வால், வாலில் பூச்சியம் முதல் மூன்று வரை வளைவுகள். வறுக்கும் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்டனால் ஆகிறது. பிரேக் கட்டைகளிலும் வண்ணப்பூச்சுகளிலும் பயன்படும் பொருள் அது.

அந்த எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். தோலின் மேலடுக்கு இறந்த செல்களும் அவற்றை ஒட்டவைக்கும் செராமைடு எனும் லிப்பிடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த சுவர். நீரை உள்ளே விடாது. ஆனால் அனகார்டிக் அமிலத்தின் வால் அந்தச் சுவரின் பொருளோடு இனம் இனத்தோடு சேர்வதுபோல் கரைந்து உள்ளே போகிறது. வளையம் அங்கே புரதங்களைத் தாக்க, உடலின் எதிர்ப்பு கிளம்புகிறது. நீர் ஊற்றிக் கழுவுவதால் பெரும்பயன் இல்லை. முந்திரி உடைப்பவர்கள் வேலைக்கு முன் கையில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்ளும் வழக்கம் இந்த வேதியியலின்படி சரியானது: சாம்பல் கசிவை உறிஞ்சிவிடும், ஆமணக்கெண்ணெய், தோலுக்குள் போகவேண்டிய வாலைத் தன்னிலேயே கரைத்து நிறுத்திக்கொள்ளும்.